காம்போசிட் அடைப்பு ஏன் நிலைக்கவில்லை? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பல் நிற ரெசினால் போடும் காம்போசிட் அடைப்பு கெட்டுப்போனால் முதலில் திட்டு வாங்குவது பொருள்தான். "இந்தக் கம்பெனி பாண்டிங் சரியில்லை, வேற மாத்திடலாம்" என்று பேச்சு தொடங்கிவிடும். (பாண்டிங் என்பது அடைப்பைப் பல்லோடு ஒட்டும் திரவம்.) அதற்கு முன் கேஸ் ஷீட்டைப் புரட்டி ஒரு கேள்விக்கு விடை பாருங்கள்: அடைத்து எத்தனை நாள் கழித்துக் கெட்டது?

முதல் சில வாரங்களில் கூச்சமோ வலியோ வந்தால் அன்றைய கைவேலையில் எங்கோ பிசகு. ஓரிரு ஆண்டுக்குள் அடைப்பு முழுதாகக் கழன்று விழுந்தால் ஒட்ட வேண்டிய பரப்பு சரியாகத் தயாராகவில்லை. ஐந்தாறு ஆண்டு ஒழுங்காக இருந்துவிட்டுப் பிறகு ஓரம் கெட்டால் நீரால் மெல்ல நடந்த அரிப்பு, ஓரச் சொத்தை, கடிவிசையின் அயர்ச்சி ஆகிய மூன்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். கடைவாய்ப் பல் காம்போசிட்டுகளைப் பல ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் தோற்கின்றன. முதல் இரண்டு காரணங்கள் ஓரச் சொத்தையும் உடைவும்தான். நல்ல கையில் பத்து ஆண்டு தாண்டுவது சாதாரணம். அடைப்புகள் அடிக்கடி மூன்றே ஆண்டில் திரும்பி வருகிற கிளினிக்கில் கோளாறு டப்பாவுக்குள் இருப்பது அரிது.

ஒட்டும் இடம் இரண்டு வகை என்பதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருவது எல்லாம் புரியும். பல்லின் வெளியடுக்கான எனாமல் எடையில் சுமார் 96 சதவீதம் தாது. பாஸ்பாரிக் அமிலம் அதில் நுண்குழிகள் போடும் (இதுதான் எட்ச் செய்வது), ரெசின் அதில் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். 1955இல் பூனோகோர் காட்டிய இந்த ஒட்டு இன்றும் நாம் நம்பக்கூடிய ஒட்டுகளில் முதலாவது. எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் அப்படியில்லை. அதில் தாது 70 சதவீதம்தான், மிச்சம் கொலாஜனும் நீரும். அமிலம் தாதுவை எடுத்ததும் கொலாஜன் நார்கள் வெறுமையாக நிற்கும், அவற்றுக்குள் ரெசின் ஊடுருவி இறுக வேண்டும். நகபயாஷி 1982இல் விவரித்த ஹைப்ரிட் லேயர் இதுதான். அது உருவாக நீர் வேண்டும், நிலைக்க நீர் இருக்கக் கூடாது. டென்டின் பாண்டிங்கின் தொல்லை முழுவதும் இந்த முரணில் இருக்கிறது.

அடைத்த சில நாளிலேயே கூச்சம் அல்லது வலி

எந்த வகை வலி என்று பிரிக்காமல் அடைப்பைப் பெயர்க்க வேண்டாம்.

கடித்தால் வலி, குளிர்ச்சிக்கும் லேசான கூச்சம்: முதலில் உயரம் பாருங்கள். மரத்துப்போன வாயோடு கடிக்கச் சொல்லி மார்க் செய்த அடைப்பு அடுத்த நாள் உயரமாகத் தெரிவது வழக்கம். பல்லை உலர்த்திவிட்டு கடிபடும் புள்ளியைக் குறிக்கும் மெல்லிய ஆர்டிகுலேட்டிங் பேப்பரை வைத்து நேர்க்கடியையும் பக்கவாட்டு அசைவுகளையும் தனித்தனி நிறத்தில் குறியுங்கள். நிறம் அழுத்தமாகப் பட்ட இடத்தைவிட, நடுவில் வெளிறி வெளியே வளையமாகப் பட்ட புள்ளியே உண்மையான உயர்புள்ளி. சரிசெய்த சில நாளில் வலி அடங்க வேண்டும்.

கடிக்கும்போது அல்ல, கடித்து விடும்போது சுரீரென்று வலி: விரிசலைத் தேடுங்கள். பல்லின் ஒவ்வொரு கூரிலும் (கடிபரப்பின் மேட்டிலும்) தனித்தனியாகக் கடிக்க வைக்கும் பிளாஸ்டிக் கருவி, பல்லுக்குப் பின்னாலிருந்து ஒளி பாய்ச்சுதல் இரண்டும் உதவும். விரிசல் இல்லை என்றால் அடைப்பின் அடியில் ஒட்டாத இடைவெளி இருக்கலாம். கடிவிசை ஏறி இறங்கும்போது அதிலுள்ள திரவம் டென்டின் குழாய்களுக்குள் அசையும், அதுதான் வலி. அப்படியென்றால் பெயர்த்து மறுபடி ஒட்டுவது தவிர வழியில்லை.

குளிர்ச்சிக்கு மட்டும் கூச்சம், தூண்டுதல் போனதும் உடனே போய்விடுகிறது: ஆழமான அடைப்பில் இரண்டு முதல் நான்கு வாரம் பொறுக்கலாம். குறைந்துகொண்டே வந்தால் விட்டுவிடுங்கள். குறையாமல் அதே அளவில் நின்றால் ஒட்டு மூடவில்லை.

இரவில் தானாக எழும் வலி, சூட்டுக்கு நீடிக்கும் வலி: இது பாண்டிங் பிரச்சினை அல்ல, பற்கூழின் அழற்சி. இங்கே அடைப்பை மாற்றிப் பார்த்து நாளைக் கடத்துவது நோயாளிக்குச் செய்யும் தீங்கு.

ஒட்டு மூடாமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் டென்டினை அதிகம் எட்ச் செய்ததும் அதிகம் உலர்த்தியதும்தான். எட்ச் செய்து கழுவிய டென்டினில் காற்றை நேராக அடித்தால், கஞ்சி போட்ட துணி காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுபோல் கொலாஜன் நார்கள் படுத்துவிடும். ரெசின் மேலே மட்டும் படரும், உள்ளே போகாது. நேர்மாறாக, குழியின் மூலையில் நீர் தேங்கினால் ரெசின் நீர்த்துப்போய்க் குமிழ்களோடு இறுகும். இரண்டும் ஒரே கூச்சத்தில்தான் முடியும்.

அமிலத்தால் எட்ச் செய்து கழுவிவிட்டு ஒட்டும் முறையில் (இனி, கழுவும் முறை) பின்பற்ற வேண்டிய வரிசை இது. 35 முதல் 37 சதவீத பாஸ்பாரிக் ஜெல்லை முதலில் எனாமல் ஓரத்தில் வையுங்கள். 15 விநாடி கழித்து டென்டினுக்கு இழுங்கள். டென்டினில் 15 விநாடிக்கு மேல் வேண்டாம். 15 விநாடி நீரும் காற்றுமாகக் கழுவுங்கள். பிறகு டென்டினை ஈரப் பஞ்சு உருண்டையால் ஒற்றி எடுங்கள், காற்று அடிக்காதீர்கள். டென்டின் மினுமினுக்க வேண்டும், ஆனால் எங்கும் குளம் கட்டக் கூடாது. உலர்த்திவிட்டோம் என்று தோன்றினால் நீரில் நனைத்த மைக்ரோபிரஷால் மெல்லத் தடவி, பத்திருபது விநாடி விட்டு, மறுபடி ஒற்றுங்கள். நார்கள் எழுந்துகொள்ளும்.

எங்கள் பரிந்துரை, குறிப்பாகக் கடைவாய்ப் பல்லின் ஆழமான குழிக்கு, இந்தச் சூதாட்டமே வேண்டாம் என்பது. எனாமல் ஓரத்தை மட்டும் 15 முதல் 30 விநாடி எட்ச் செய்து கழுவிவிட்டு, டென்டினுக்கு 10-எம்டிபி உள்ள மிதமான செல்ஃப்-எட்ச் ப்ரைமரோ (தனியாக அமிலம் வைத்துக் கழுவத் தேவையில்லாதது) இரண்டு முறைக்கும் பொருந்தும் யுனிவர்சல் பாண்டிங்கோ போடுங்கள். எம்டிபி என்னும் மோனமர் பல்லில் மிஞ்சியிருக்கும் கால்சியத்தோடு வேதிப் பிணைப்பு கொள்ளும். கொலாஜன் முழுதாக அம்மணமாவதில்லை, உலர்த்தும் அளவு பற்றிய பயமும் குறையும். இரண்டு பாட்டில் செல்ஃப்-எட்ச் வகையில் க்ளியர்ஃபில் எஸ்இ பாண்ட் நீண்டகால மருத்துவ ஆய்வுகளில் மற்றவற்றை அளக்கும் அளவுகோலாகவே ஆகிவிட்டது. இருந்தும் பலர் நேரம் மிச்சம் என்று ஒற்றைப் பாட்டிலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மிச்சமாகும் நேரம் அரை நிமிடம்கூட இல்லை.

எந்த பாண்டிங் ஆனாலும் பூசிவிட்டு விடுவதல்ல, மைக்ரோபிரஷால் 20 விநாடி அழுத்தித் தேய்க்க வேண்டும். அடுத்தது கரைப்பானை ஆவியாக்குவது. தூரத்திலிருந்து மெல்லிய காற்றில் தொடங்கி மெல்ல நெருங்குங்கள். படலத்தில் அலை ஓடுவது நிற்கும்வரை ஊத வேண்டும். உற்பத்தியாளர் 5 விநாடி என்று எழுதியிருந்தாலும் அது குறைந்தபட்சம். நீர் சேர்ந்த யுனிவர்சல் வகைகளுக்கு 10 முதல் 15 விநாடி கொடுப்பது நல்லது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் ஆவியாவதும் மந்தம்தான்.

அடைப்பு அப்படியே கழன்று கையில் வருவது

நோயாளி காகிதத்தில் மடித்துக் கொண்டுவரும் அந்தத் துண்டைக் குப்பையில் போடாதீர்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியான லூப் போட்டு அதன் உட்பக்கத்தையும் பல்லின் குழியையும் பாருங்கள். எந்த இடத்தில் பிரிந்தது என்பது தெரிந்தால் எந்தப் படியில் தவறு என்பதும் தெரியும்.

துண்டின் உட்பக்கம் பளபளப்பாக, பாண்டிங் படலத்தோடு இருந்து, பல் வெறுமையாக இருந்தால் பல்லுக்கும் பாண்டிங்குக்கும் நடுவில் பிரிந்திருக்கிறது. பல்லின் பரப்பு தயாராகவில்லை, அல்லது ரத்தமோ ஈறுநீரோ பட்டிருக்கிறது. பல்லில் பாண்டிங் படலம் அப்படியே ஒட்டியிருந்து துண்டு மட்டும் வந்தால் பாண்டிங்குக்கும் காம்போசிட்டுக்கும் நடுவில். ரெசினை இறுக்கும் லைட்டை அடித்த பிறகு உமிழ்நீரோ கம்ப்ரஸர் எண்ணெயோ படிந்திருக்கலாம், அல்லது முதல் அடுக்கை அழுத்திப் பதிக்காமல் கருவியில் ஒட்டி இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். துண்டின் அடிப்பக்கத்தைக் கூர்முனைக் கருவியான ப்ரோபால் கீறினால் கோடு விழுகிறதா? அப்படியானால் ஒளி அங்கே எட்டவே இல்லை.

இப்படிக் கழலுவதை அதிகம் ஈறோரத் தேய்வுக் குழிகளில்தான் பார்க்கலாம். அங்கே குழிக்கு வடிவப் பிடிமானம் கிடையாது, ஒட்டு மட்டுமே ஆதாரம். டென்டின் வேறு பல ஆண்டு தேய்ந்து கண்ணாடிபோல் இறுகிப்போயிருக்கும். குழாய்கள் தாதுவால் அடைபட்டிருப்பதால் அமிலமும் ரெசினும் இறங்கா. ஒட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை: பியூமிஸ் குழம்பால் படலத்தைத் துடைப்பது, வட்ட வைர பர்ரால் (சுழலும் வெட்டுமுனையால்) பளபளப்பு போகும் அளவுக்கு டென்டினை லேசாகச் சொரசொரப்பாக்குவது, மேல் எனாமல் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சரிவு வெட்டுவது, ஈறை விலக்கும் மெல்லிய நூலை (00 அல்லது 000 அளவு) ஈறுக்குள் நுழைப்பது. பிறகு எனாமலுக்கு எட்ச், டென்டினுக்கு எம்டிபி உள்ள பாண்டிங், அதை வழக்கத்தைவிட ஒரு சுற்று அதிகமாகத் தேய்ப்பது.

ஈரத்தைக் கட்டுப்படுத்தவே முடியாத இடமென்றால் அடம் பிடிக்காமல் ரெசின் கலந்த கிளாஸ் அயனோமர் போடுங்கள். பாலிஅக்ரிலிக் அமிலக் கண்டிஷனரை 10 முதல் 20 விநாடி வைத்துக் கழுவி, நீர்த்துளி போகும் அளவு மட்டும் ஒற்றிவிட்டு வைக்க வேண்டும். காம்போசிட் அளவு மெருகு வராது. ஆனால் ஈறோரக் குழியில் தங்கி நிற்பதில் மருத்துவ ஆய்வுகளில் இது பல பாண்டிங்குகளை முந்துகிறது. கிளாஸ் அயனோமரைத் தற்காலிக அடைப்பு என்று ஒதுக்கும் பழக்கம் நமக்குத் தேவையில்லாதது.

கழலுவதற்கு வேறு சில காரணங்களும் உண்டு, கேஸ் ஷீட்டில் தேடினால் கிடைக்கும்.

பல் வெளுத்த பிறகு உடனே ஒட்டியது. பெராக்சைடு விட்டுச்சென்ற ஆக்சிஜன் ரெசினை இறுக விடாது. குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். வேர்ச் சிகிச்சையில் ஹைப்போகுளோரைட்டால் கழுவிய பற்கூழ் அறை டென்டினிலும் இதே சிக்கல். பர்ரால் மேற்பரப்பைப் புதிதாக வெட்டியெடுப்பது எளிய தீர்வு, 10 சதவீத சோடியம் அஸ்கார்பேட் தடவுவது இன்னொன்று. யூஜினால் உள்ள தற்காலிகச் சிமென்டின் மிச்சமும் ரெசினைக் கெடுக்கும். துடைத்தால் போதாது, சுரண்டிக் கழுவ வேண்டும். ரத்தம் நிற்கப் போடும் அலுமினியம் குளோரைடு, ஃபெரிக் சல்பேட் இரண்டும் டென்டினில் படிந்து செல்ஃப்-எட்ச் பாண்டிங்கை மந்தப்படுத்தும். பட்ட இடத்தை நன்றாகக் கழுவி, சில விநாடி பாஸ்பாரிக் ஜெல் தொட்டுக் கழுவிய பிறகே ப்ரைமர்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து நோயாளிகளுக்கு இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் உள்ள பகுதிகள் இவை. ஃப்ளோரோசிஸ் பட்ட எனாமலின் மேலடுக்கு அமிலத்துக்கு எளிதில் மசியாது. கழுவி உலர்த்தியபின் சுண்ணாம்பு வெள்ளை தெரியாவிட்டால் 15 விநாடி எட்ச் போதவில்லை என்று பொருள். மேலடுக்கை வைர பர்ரால் மெல்லிதாக எடுத்துவிட்டு, எட்ச் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். எனாமலில் நேரம் கூடினால் கேடில்லை, ஜெல் டென்டினுக்கு வழியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வேலைக்கு நடுவில் உமிழ்நீர் பட்டுவிட்டால்? பாண்டிங்குக்கு லைட் அடிக்கும் முன் என்றால் கழுவி, ஒற்றி, பாண்டிங்கை முதலிலிருந்து போடுங்கள். அடித்த பிறகு என்றாலும் துடைத்துவிட்டுக் காம்போசிட்டை வைத்துவிடக் கூடாது. கழுவி, உலர்த்தி, மறுபடி ஒரு பூச்சு பாண்டிங். கழுவும் முறையில் எட்ச் செய்து வைத்த எனாமலில் பட்டால் மறுபடி பத்து விநாடி எட்ச் செய்யுங்கள். பல்லை உமிழ்நீரிலிருந்து பிரிக்கும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேம் போட்டால் தோல்வி குறையும் என்பதற்குள்ள ஆய்வுச் சான்று அவ்வளவு உறுதியானது அல்ல என்று சிலர் வாதம் செய்வார்கள். உண்மைதான். ஆனால் கீழ்த் தாடை இரண்டாம் கடைவாய்ப் பல்லில், நாக்கும் கன்னமும் மோதும் இடத்தில், பஞ்சை மட்டும் நம்பி இரண்டு நிமிடம் உலர்வாக வைத்திருப்பதைச் செய்து காட்டட்டும்.

ஓரத்தில் வெள்ளைக் கோடு

மெருகேற்றி முடித்ததும் எனாமல் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் எனாமல் தூண்கள் பிளந்திருக்கின்றன, அல்லது ஓரம் சற்றே பிரிந்திருக்கிறது. சுருங்கும் விசை ஒரு காரணம். நீரில்லாமல் சொரசொரப்பான பர்ரால் ஓரத்தில் இழுத்தது இன்னொரு காரணம். நுண்மணி வைரமோ டிஸ்கோ கொண்டு, நீரோடு, அடைப்பிலிருந்து பல்லை நோக்கி இழுத்து மெருகேற்றுங்கள். கோடு வந்துவிட்டால் அந்த ஓரத்தைப் பத்து விநாடி எட்ச் செய்து, உலர்த்தி, மெல்லிய ரெசின் சீலர் பூசி லைட் அடித்தால் பெரும்பாலும் மறையும். பெயர்க்கத் தேவையில்லை.

ஓரம் பழுப்பாகிறது

தேநீர், வெற்றிலை, புகையிலை உள்ள வாயில் ஓரக்கறை வருவது சகஜம். கறை என்றாலே சொத்தை அல்ல. ப்ரோபை அழுத்திக் குத்திப் பார்க்காதீர்கள், அதுவே ஓரத்தை உடைக்கும். உலர்த்தி, ஒளியில், உருப்பெருக்கிப் பாருங்கள். கோடாக மட்டும் இருந்து, பக்கத்து எனாமல் இயல்பான நிறத்தில் இருந்தால் மெருகேற்றும் டிஸ்கால் ஓரிரு இழுப்பு கொடுங்கள். போய்விட்டால் அது எட்ச் செய்யாத எனாமலின் மேல் வழிந்து நின்ற அதிகப்படிக் காம்போசிட். மிதமான செல்ஃப்-எட்ச் மட்டும் போட்டு எனாமலை எட்ச் செய்யாமல் விட்டவர்களிடம் இது அதிகம். பக்கத்தில் மென்மையும் குழியும் இருந்தால் மட்டுமே சொத்தைக்கான சிகிச்சை.

பக்கப் பல்லோடு உணவு சிக்குகிறது

இது பாண்டிங் கோளாறு அல்ல, ஆனால் இரண்டே ஆண்டில் ஓரச் சொத்தையாகி பாண்டிங் கோளாறாக வந்து நிற்கும். குழிக்குத் தற்காலிகச் சுவராக வைக்கும் தகடான மேட்ரிக்ஸை, உலோக அடைப்பான அமால்கம்போல் காம்போசிட் அழுத்தினால் தள்ளாது. பல்லைச் சுற்றி வரும் நேர் பேண்ட் தட்டையான தொடுகையைத்தான் தரும். வளைந்த செக்ஷனல் மேட்ரிக்ஸ், பல்லிடுக்கில் செருகும் ஆப்பான வெட்ஜ் சரியான அளவில், பற்களை விலக்கும் வளையம் மூன்றும் சேர்ந்தால் தொடுகை தானாக அமையும். வெட்ஜை முன்கூட்டியே, குழி வெட்டும்போதே நுழைத்துவிட்டால் பற்கள் சற்றே விலகியிருக்கும், ரப்பர் டேமும் கிழியாது. ஏற்கெனவே திறந்த தொடுகை என்றால் அந்தப் பக்கத்தை மட்டும் பெட்டியாக வெட்டிப் பழுதுபார்க்கலாம்.

ஈறோர அடித்தளத்தில் சொத்தை

பக்கவாட்டுக் குழிகளின் தலைவிதி தீர்மானமாகும் இடம் இதுதான். பைட்விங் எக்ஸ்ரேயில் பெட்டியின் (பக்கப் பல்லை ஒட்டி வெட்டிய குழியின்) அடியில் கறுப்புக் கோடு தெரிந்ததும் பர்ரை எடுக்காதீர்கள். மூலையில் தேங்கி இறுகிய பாண்டிங்கும் எக்ஸ்ரேயில் கறுப்பாகவே தெரியும். அந்தக் கோடு ஒரே சீராக, கூர்மையான விளிம்போடு, அடைப்பை ஒட்டியே இருக்கும். சொத்தையின் விளிம்பு மங்கலாக டென்டினுக்குள் பரவும். முந்தைய எக்ஸ்ரே இருந்தால் ஒப்பிடுங்கள். ஆறு மாதத்தில் வளராதது வளரும் சொத்தையாக இருக்கும் வாய்ப்பு குறைவு.

உண்மையான சொத்தை என்றால் மூன்று கோளாறுகளில் எது என்று பாருங்கள்.

ஒன்று, ஒளி. கூரின் உச்சியிலிருந்து பெட்டியின் அடி 6 முதல் 8 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். பல லைட்டுகளில் இந்தத் தூரத்தில் பாதிக்கும் குறைவான ஒளிதான் போய்ச் சேரும். கைப்பிடி சற்றுச் சாய்ந்தால் மேட்ரிக்ஸின் நிழலே அடித்தளத்தை மறைத்துவிடும். எனவே பெட்டிக்குள் பாண்டிங்குக்கு 20 விநாடி, முதல் அடுக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், அதற்கும் 20 விநாடி. மேட்ரிக்ஸை எடுத்த பிறகு கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் இன்னும் 20 விநாடி கொடுங்கள், நடுவில் காற்று ஊதிச் சூட்டைத் தணித்துக்கொண்டே. ஆரஞ்சுக் கண்ணாடி போட்டு முனையைப் பார்த்துக்கொண்டே அடிப்பவர் கையும், முகத்தைத் திருப்பிக்கொண்டு அடிப்பவர் கையும் ஒரே விளைவைத் தருவதில்லை.

இரண்டு, ஒட்டும் பரப்பு. அடித்தளத்தில் எனாமல் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். எனாமல் ஒரு மில்லிமீட்டர் இருந்தாலும் அதை எட்ச் செய்து காப்பாற்ற வேண்டும். எனாமலே இல்லை, வேர்ப்பரப்பு டென்டின்தான் என்றால் அந்த ஓரத்தை நம்ப வேண்டாம். ரெசின் கலந்த கிளாஸ் அயனோமரை வெளியோரம்வரை ஓர் அடுக்கு வைத்து அதன்மேல் காம்போசிட் போடும் திறந்த சாண்ட்விச் முறை சொத்தை அதிகம் வரும் வாய்க்கு ஏற்றது. ஓரம் ஈறுக்குள் ஆழமாகப் போய், எலும்பிலிருந்து 2 மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லை என்றால் அங்கே எந்தப் பொருளும் ஈறை அமைதியாக விடாது. ஈறை வெட்டி உயர்த்துவதா என்ற கேள்வி முதலில் வர வேண்டும்.

மூன்று, சொத்தையை எடுத்த விதம். ஓரத்திலிருந்து ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் அகலம் சுற்றிலும் கடினமான, சுத்தமான பல்லாக இருக்க வேண்டும். ஓரத்தை இறுக மூடும் ஒட்டு அங்கேதான் அமைகிறது. பற்கூழுக்கு மேலே தோல்போல் இருக்கும் டென்டினை விட்டுவைப்பது சரி, இன்றைய ஒப்புக்கொண்ட முறையும் அதுதான். நிறைய பேர் தலைகீழாகச் செய்கிறார்கள்: பற்கூழ் பக்கம் பயமில்லாமல் தோண்டுகிறார்கள், மேட்ரிக்ஸ் மறைக்கும் ஈறோர மூலையில் மென்மையை விட்டுவிடுகிறார்கள்.

நோயாளியின் வாயும் கணக்கில் உண்டு. சொத்தை அபாயம் அதிகமுள்ளவரிடம் எவ்வளவு கச்சிதமான ஓரமும் தோற்கும். உமிழ்நீர் குறைக்கும் மாத்திரைகள், நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரைத் தேநீர், இவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரைடு வார்னிஷ் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

அடைப்போ கூரோ உடைவது

காம்போசிட் உடைந்தால் தடிமனை அளங்கள். கடிபடும் இடத்தில் 1.5 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் உடையத்தான் செய்யும். கூர் உடைந்தால் மிச்சமிருந்த சுவர் மெல்லிது என்று பொருள். வேர்ச் சிகிச்சை செய்த பல்லில் கூரின் தடிமன் 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதை வெட்டித் தாழ்த்தி மூடிவிடுவது நல்லது. பல் நறநறப்பவருக்கு இரவில் பல்லில் மாட்டும் பாதுகாப்பு உறை (நைட் கார்டு) இல்லாமல் இரண்டாவது அடைப்பு போடுவது வீண்.

சுருங்கும் விசையும் இங்கே வேலை செய்யும். காம்போசிட் இறுகும்போது கன அளவில் சுமார் 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். ஐந்து சுவரும் ஒட்டி மேல்பக்கம் மட்டும் திறந்த குழியில் அந்த விசை முழுதும் ஒட்டின்மேலும் கூர்களின்மேலும் விழும். சாதாரணக் காம்போசிட்டை 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக, எதிரெதிர்ச் சுவர்களை ஒரே அடுக்கில் இணைக்காமல் சாய்வாக வையுங்கள். தடிமனான அடுக்காக நிரப்பும் பல்க்-ஃபில் வகை என்று எழுதியிருந்தால் மட்டுமே 4 மில்லிமீட்டர்.

பல ஆண்டுக்குப் பின் டென்டின் ஓரம் தளர்வது

கையில் தவறில்லாமலும் நடப்பது இது. ரெசின் போய்ச் சேராத கொலாஜன் நார்களை டென்டினுக்குள்ளேயே உறங்கிக்கிடக்கும் எம்எம்பி, கத்தெப்சின் நொதிகள் மெல்ல அரிக்கின்றன. அமிலமே அவற்றை எழுப்பிவிடுகிறது. இன்னொரு பக்கம் நீரை விரும்பும் ரெசின் பாகங்கள் நீரை உறிஞ்சிச் சிதைகின்றன.

இதற்கு விற்பனையிலும் கருத்தரங்கிலும் சொல்லப்படும் தீர்வுகள் பல. எட்ச் செய்த பிறகு 2 சதவீத குளோர்ஹெக்சிடின் 30 முதல் 60 விநாடி தடவி, ஒற்றிவிட்டு பாண்டிங் போடுவது ஆய்வகத்தில் நல்ல பலன் காட்டியது; நோயாளிகளிடம் நடந்த சோதனைகளில் அடைப்பு தங்குவதில் தெளிவான ஆதாயம் தெரியவில்லை. கேடில்லை, செய்யலாம், ஆனால் அதை நம்பி வேறெதையும் தளர்த்த வேண்டாம். எத்தனாலால் டென்டினை நனைக்கும் முறை கிளினிக்கில் நடைமுறைக்கு ஒவ்வாதது. எங்கள் கணக்கில் பயன் தருபவை எளிமையானவை: எம்டிபி, முழுதாகக் கரைப்பான் போக்குதல், ஒற்றைப் பாட்டில் போட்டால் அதன்மேல் நீர் ஒட்டாத ரெசின் ஒரு பூச்சு, லைட்டை 10க்குப் பதில் 20 விநாடி, இயன்றவரை ஓரத்தை எனாமலிலேயே முடித்தல்.

பழுதுபார்ப்பதா, பெயர்ப்பதா

அடைப்பில் முக்கால்வாசி நன்றாக இருந்தால் பழுதுபாருங்கள். ஒவ்வொரு பெயர்ப்பிலும் குழி பெரிதாகும், பற்கூழ் நெருங்கும். கெட்ட பகுதியை வெட்டிய பின் பழைய காம்போசிட்டை 50 மைக்ரான் அலுமினா தூளால் அடியுங்கள். அந்தக் கருவி இல்லையென்றால் சொரசொரப்பான வைர பர் போதும். பாஸ்பாரிக் ஜெல் சுத்தம் செய்யவும் எனாமலுக்கும். கழுவி உலர்த்தி, பழைய காம்போசிட்டில் மட்டும் பிணைப்புத் திரவமான சைலேன் தடவி ஒரு நிமிடம் விட்டு ஊதுங்கள். பிறகு பாண்டிங், லைட், புதுக் காம்போசிட். பழைய அடைப்பின் ஓரத்தைச் சரிவாக வெட்டினால் கோடு தெரியாது.

ஒரே மாதத்தில் பலருக்கும் ஒரே கோளாறு

இப்போது பல்லைப் பார்க்க வேண்டாம், அறையைப் பாருங்கள்.

பாண்டிங் பாட்டிலை எடுத்துக் காலாவதித் தேதி பாருங்கள். காலையில் கிண்ணத்தில் சொட்டுவிட்டு மாலைவரை பயன்படுத்துகிறார்களா என்று கேளுங்கள். அசிட்டோன், எத்தனால் உள்ளவை மூடி திறந்திருந்தால் நிமிடங்களில் கெட்டியாகும். கிண்ணத்தில் ஊற்றிய துளி விளக்கின் வெளிச்சத்திலேயே இறுகத் தொடங்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் சொட்டினால் குளிர்ந்த திரவம் பரவாது, ஈரமும் படியும்; அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும்.

காற்றும் நீரும் அடிக்கும் த்ரீ-வே சிரிஞ்சின் காற்றை உலர்ந்த முகக்கண்ணாடியில் ஐந்து விநாடி அடியுங்கள். நீர்ப்புள்ளியோ எண்ணெய்ப் படலமோ தெரிந்தால் கோளாறு கிடைத்துவிட்டது. கம்ப்ரஸர் தொட்டியின் அடி வால்வைத் தினமும் திறந்து நீரை வடியுங்கள், மழைக்காலத்தில் இரு வேளையும்.

லைட்டின் முனையைப் பாருங்கள். ஒட்டிய ரெசின் துளியும் மங்கிய பிளாஸ்டிக் உறையும் ஒளியை வெகுவாகக் குறைக்கும். ஒளியின் அளவு காட்டும் ரேடியோமீட்டரில் சதுர சென்டிமீட்டருக்கு 1000 மில்லிவாட் அளவில் இருந்தால் நல்லது. வாங்கிய நாளில் காட்டிய எண்ணை எழுதி வைத்திருந்தால் ஒப்பிடலாம். ரேடியோமீட்டர் இல்லாவிட்டால் ஸ்ட்ராவை 8 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, காம்போசிட்டை நிரப்பி, ஒரு பக்கமிருந்து 20 விநாடி அடியுங்கள். ஸ்ட்ராவைக் கிழித்து, இறுகாத அடிப்பகுதியைப் பிளாஸ்டிக் கருவியால் சுரண்டி எடுத்துவிட்டு மிச்சத்தை அளங்கள். அதில் பாதிதான் அந்த லைட்டில் நம்பக்கூடிய அடுக்கின் ஆழம். 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் லைட்டையோ பேட்டரியையோ மாற்றும்வரை அடுக்கை ஒரு மில்லிமீட்டராக்கி நேரத்தை இரட்டிப்பாக்குங்கள்.